கங்காணிக்குள் காணி இல்லை: ஆங்கிலச் சொற்களை ஊகிக்கும்போது நேரும் தவறுகள்

கங்காணி என்ற சொல்லுக்குள் காணி இருக்கிறது. அதற்காகக் கங்காணியைக் காணிக்காரர் என்று மலையகத்தில் யாரும் நினைப்பதில்லை. தோட்டத்தில் வேலையாட்களைக் கண்காணிப்பவர், அதனால் கங்காணி. காணிக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்! இதே தெளிவு ஆங்கிலப் பாடத்தில் மட்டும் எங்கேயோ போய்விடுகிறது. நான்கு எழுத்து ஒன்றாக வந்தால் போதும், பொருளும் ஒன்று என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அட்டனில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். போன தவணையில் ஒரு பிள்ளை 'பீடியாட்ரீஷியன்' என்பதற்குக் 'கால் வைத்தியர்' என்று எழுதியிருந்தாள். குற்றம் என்மேல்தான். முந்தின வாரம் பெடலையும் பெடஸ்ட்ரியனையும் காட்டி, "பி, ஈ, டி வந்தால் கால்" என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். பெடல் காலால் மிதிப்பது, பெடஸ்ட்ரியன் பாதசாரி. இரண்டும் பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, சரி. பீடியாட்ரீஷியனோ குழந்தை வைத்தியர். அதன் வேர் பிள்ளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

நாம் பழகிய பிரிட்டிஷ் எழுத்துமுறையில் அந்தச் சொல்லின் பி-க்கும் ஈ-க்கும் நடுவில் ஓர் ஏ நிற்கும். அமெரிக்கர்கள் அதை விட்டுவிடுவார்கள். பிள்ளை போனில் பார்த்தது அமெரிக்க எழுத்து, மாட்டிக்கொண்டாள். அப்படியானால் கால் வைத்தியர் யார்? பொடியாட்ரிஸ்ட். கேட்டால் பொடியன்களைப் பார்க்கிறவர் போலிருக்கும், பார்ப்பதோ பாதத்தை. இதுவும் கிரேக்கம்தான்.

எம், ஏ, என் என்ற மூன்றெழுத்தும் இப்படித்தான். மேனுவல், மேனுஃபேக்சர், மேனுஸ்கிரிப்ட் எதிலும் மனிதன் இல்லை. லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. மேனுவல் ப்ளக்கிங் என்பது ஆம்பிளை பறிக்கும் கொழுந்து இல்லை, கையால் பறிப்பது. மலையில் கூடை சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் இதைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும், பிறகு மறக்காது. 'ஃபீமேல்' இன்னும் வேடிக்கை. அது ஆணைக் குறிக்கும் 'மேல்' என்பதிலிருந்து பிறந்ததே இல்லை. பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். ஆங்கிலேயர்களே அதை 'மேல்' என்பதன் ஜோடி என்று நினைத்து எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்?

மதிப்பெண் போனால் போகட்டும், வீட்டையே ஆபத்தில் விடும் தவறு ஒன்று உண்டு. சொல்லின் முன்னால் ஐ, என் வந்தால் 'இல்லை' என்று பொருள் எனப் படித்திருப்போம். இன்கரெக்ட், இன்விசிபிள் எல்லாம் அப்படித்தான். ஆனால் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் டின்னில் 'இன்ஃப்ளேமபிள்' என்று இருந்தால் அது தீப்பிடிக்காது என்று அர்த்தமில்லை, எளிதில் பற்றிக்கொள்ளும் என்று அர்த்தம். இங்கே வரும் 'இன்' மறுப்பதற்கு வந்ததில்லை. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் இப்போது பல இடங்களில் வெறும் 'ஃப்ளேமபிள்' என்றே போடுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்று. தீப்பற்றாதது 'நான்ஃப்ளேமபிள்'. டின்னைக் குசினி அடுப்புப் பக்கம் வைக்குமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குப் போக நேரம் எடுக்காது.

ஓ, யூ, ஜி, எச் கூட்டணியில் பொருளை விடுங்கள், சத்தத்தையே நம்ப முடியாது. தோ, த்ரூ, ரஃப், காஃப், ப்ளவ்: ஐந்தும் ஒரே நான்கெழுத்தில் முடிகின்றன. அந்த ஜி, எச் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி வந்த ஒலி. பிறகு சில சொற்களில் 'ஃப்' ஆனது, சிலவற்றில் மறைந்தே போனது. 1476 இல் இங்கிலாந்துக்கு அச்சு வந்தபின் எழுத்து மெல்ல உறைந்துவிட்டது, பேச்சு தன் வழியில் போனது. இதற்குச் சூத்திரம் தேடாதீர்கள். ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பழகுவதுதான் வழி.

பொருளை ஊகிப்பது தவறில்லை, ஊகத்தோடு நிற்பதுதான் தவறு. சொல் வந்த வாக்கியத்தில் அந்தப் பொருளை வைத்துப் பாருங்கள், அப்புறம் அகராதி. அந்தப் பிள்ளை இப்போது கொப்பியில் இரண்டு நிரல் போட்டிருக்கிறாள்: சொந்தக்காரர், அயல்வீட்டார். மேனுவலும் மேனுஸ்கிரிப்டும் முதல் நிரலில். பெடலும் பீடியாட்ரீஷியனும் இரண்டாவதில். ஃபீமேலை எங்கே போடுவது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.