செட்டிநாட்டில் வைன் திராட்சை: நடுவதற்கு முன் தவிர்க்க வேண்டியவை

நகரத்தார் வீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாகிவிட்ட செட்டிநாட்டில், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் வைன் செய்து விருந்தினருக்குப் பரிமாறும் ஆசை சிலருக்கு எழுவது இயல்பே. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம் என்பதால், உரிமத்தைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதே முதல் தவறு.

அதைவிடப் பரவலான தவறு, வைன் திராட்சைக்குப் பெயர்போன மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் பார்த்ததை அப்படியே இங்கே செய்வது. அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து (அதாவது கிளைகளை வெட்டிவிட்டு), மழையில்லாத குளிர்காலத்தில் பழுக்கவிடுகிறார்கள். நமக்கோ ஐப்பசியில்தான் அடைமழை. அப்போது கவாத்து செய்தால் இளந்தளிர் முழுவதும் மழையில் சிக்கிக்கொள்ளும். இலையின் மேல் எண்ணெய் பட்டாற்போன்ற மஞ்சள் புள்ளி தோன்றும், திருப்பிப் பார்த்தால் அடியில் வெண்பூஞ்சை படர்ந்திருக்கும். பூங்கொத்தையும் விட்டுவைக்காத அடிச்சாம்பல் நோய் இது. மழை விட்டபின் டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்வதே நமக்குப் பொருந்தும்.

கவாத்தே செய்யாமல் விடுவோரும் உண்டு. தேவகோட்டைப் பக்கம் நான் பார்த்த ஒரு பந்தலில் வெயில் தரையில் விழாத அளவுக்கு இலை அடர்ந்திருந்தது. தேடிப் பார்த்தும் ஒரு கொத்துகூட இல்லை. குளிர்நாடுகளில் கொடி தானே இலையுதிர்த்து உறங்கும். நம் வெப்பத்தில் அது உறங்குவதில்லை என்பதால், கவாத்துக் கத்தரிதான் அதைக் காய்ப்புக்குத் திருப்ப வேண்டும். அதிலும் எல்லா ரகத்தையும் ஒரே அளவில் வெட்டக்கூடாது: பன்னீர் திராட்சைக்குக் கொம்பில் (முற்றிய கிளையில்) 4 மொட்டு விட்டால் போதும், தாம்சன் சீட்லெஸ் ரகத்திலோ அடிமொட்டுகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை என்பதால் கொம்பை இன்னும் நீளமாக விட வேண்டும்.

பெயருக்காக ரகம் தேர்வதும் வேண்டாம். கேபர்னே சாவிஞான், ஷிராஸ் ஆகிய சிவப்பு வைன் ரகங்களின் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. ஆனால் நம் கோடையில் சர்க்கரை விரைந்து ஏற, புளிப்பு இறங்கிவிடும். புளிப்பு குன்றிய வைன் சப்பென்று இருக்கும். எனவே புளிப்பை எளிதில் இழக்காத வெள்ளை வைன் ரகமான செனின் பிளாங்கைச் சில கொடிகள் மட்டும் நட்டுப் பார்ப்பதே என் பரிந்துரை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீரையும் சாப்பாட்டுத் திராட்சைதானே என்று ஒதுக்க வேண்டாம். மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் அந்த ரகம் நம் வெயிலுக்குப் பழகியது. எதை நட்டாலும், பழம் கறுத்துவிட்டது என்பதற்காகப் பறிக்காமல், சர்க்கரையோடு புளிப்பையும் அளந்து பார்த்து, வெயில் ஏறுமுன் காலையிலேயே பறித்துவிடுங்கள்.