முதல் சேகரத்துக்குப் போகும் தம்பிக்கு: நன்றி நோட்டு எழுதுவது எப்படி

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். உதவிக் குருவாக இருந்த காலம் முடிந்து, முதல் முறையாகத் தனிச் சேகரத்துக்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சில சபைகளுக்கு, போகிறார். "ஐயா, கணக்கு, கமிட்டி, கோர்ட்டு கேஸ் எல்லாம் எப்படிச் சமாளிக்கணும்னு ஆளாளுக்குச் சொல்லிட்டாங்க. நீங்களும் ஒண்ணு சொல்லுங்க" என்றார். "கோடு போட்ட நீள நோட்டு ஒண்ணு வாங்கிக்கிடுங்க, 192 பக்கம்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

விளையாட்டு இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சேகரங்களில் 31 வருடம் ஊழியம் செய்திருக்கிறேன். பழைய பிரசங்கக் குறிப்புகளைக் கரையான் தின்றபோதுகூடப் பெரிதாக வருத்தப்படவில்லை. யாருக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்த நோட்டுகள் நான்கு மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எப்படி எழுதுவது, எழுதி என்ன செய்வது என்று தம்பியிடம் போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே வைக்கிறேன்.

முதலில் நோட்டு வந்த கதை.

என் முதல் சேகரத்தில் 7 சபைகள். தலைமைச் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது ஆலயம் பிரதிஷ்டையான நாளின் ஆண்டு விழா. கடைசி நாள் அசனம். ஊரும் அக்கம்பக்கமும் ஆலய வளாகத்தில் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அந்த வருடம் 6 மூடை அரிசி, 18 கிடா. முந்தின நாள் சாயங்காலமே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க அடுப்பு எரிந்தது. விடிந்ததும் ஓலைப்பாயில் வெள்ளை வேட்டி விரித்து, வடித்த சோற்றை அதன்மேல் மலைபோல் குவித்தார்கள். அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று ஐயர் (எங்கள் பக்கம் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம்) ஜெபம் செய்த பிறகுதான் பந்தி.

ஜெபத்துக்கு முன் நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். கமிட்டிச் செயலர் எழுதித் தந்த தாளில் 23 பெயர்கள். கிடா கொடுத்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள், மும்பையிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள், பந்தல்காரர், மைக்செட்காரர். எல்லாரையும் படிப்பு, பதவியோடு வாசித்தேன். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

தாளில் இல்லாத பெயர் கோயில்பிள்ளையுடையது. ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணி அடித்து, விளக்கு அணைத்துப் பூட்டுகிறவர். பனையேறியாக இருந்து, விழுந்து கால் முறிந்த பிறகு இந்த வேலைக்கு வந்தவர். மூன்று ராத்திரி அடுப்படியிலேயே கிடந்தார். நான் 23 பெயரையும் வாசித்த நேரம் முழுக்க, சோற்றில் ஈ உட்காராமல் வேப்பங்கொத்தை வீசிக்கொண்டு, என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை 5 மணிக்கு வழக்கம்போல் மணி அடித்தது. நாலு நாள் கழித்து அவர் வீட்டம்மா முருங்கைக்கீரை கொடுக்க வந்தபோது, என் மனைவியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாராம்: "மைக்குல ஒரு தடவ பேரு வரும்னு வெள்ளச் சட்டைய தொவச்சுப் போட்டிருந்தாவ."

அடுத்த நாள் கடைத்தெருவில் நோட்டு வாங்கினேன். முதல் பக்கம் அவருக்கு.

இனி எழுதும் முறை. நாட்குறிப்பு மாதிரி தேதி வரிசையில் எழுதாதீர்கள். நான் முதல் வருடம் அப்படித்தான் எழுதினேன்; திரும்பத் திரும்ப அதே பத்துப் பேர்தான் வந்தார்கள். கண்ணில் படுகிறவர்கள், கமிட்டியில் இருப்பவர்கள், ஐயர் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர்கள். அதனால் குடும்பப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதே வரிசையில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்குத்தான் 192 பக்கம். பெரிய சேகரம் என்றால் சபைக்கு ஒரு நோட்டு. அப்புறம் பாருங்கள், எழுதின பக்கத்தைவிட வெறும் பக்கம்தான் உங்களை உறுத்தும். மூன்று மாதமாக ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால், நீங்கள் அந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

பக்கத்தில் என்ன எழுதுவது? "நல்ல மனுஷன்", "தாராள மனசு" என்றெல்லாம் எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே எதற்கு எழுதினோம் என்று தெரியாது. செய்ததை எழுதுங்கள். "திருவிருந்து மேசைத் துணியை வீட்டில் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொண்டுவருகிறார்." "மழையில் சபை ஊழியரைப் பைக்கில் கொண்டுபோய் விட்டார்." "ஓய்வுநாள் பள்ளிக்கு வராத மூன்று பிள்ளைகளின் வீட்டுக்குத் தானே நடந்து போனார்." பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் விடுங்கள். நேரில் நன்றி சொன்ன பிறகு அதில் டிக்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தில் 8ஆம் அதிகாரத்தை எத்தனை தடவை பிரசங்கித்திருப்போம்! 16ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். உட்கார்ந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்கிற பெபேயாளைப் பற்றி, பலருக்கும் தனக்கும் உதவியவள் என்கிறார் பவுல். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார். இன்னொருவனுடைய அம்மாவைத் தனக்கும் அம்மா என்கிறார். பெயரும் கூடவே செய்கையும். சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுகூட நடுவில் தன் பெயரைச் சொல்லி ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறான். பவுல் அதை அடிக்கவில்லை.

சொல்லும் முறைக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் அடிபட்டிருக்கிறேன்.

மூன்று நாளுக்குள் சொல்லிவிடுங்கள். வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தில் குரு உடை மாற்றும் அறையில், அங்கியைக் கழற்றிக்கொண்டே சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து, "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேளுங்கள். கேள்வி கேட்பதுதான் பாதி நன்றி. இருநூறு பேருக்குச் சாம்பார் வைக்கிறவருக்குப் புளியை எப்போது கரைப்பது என்பதில் ஒரு கருத்து இருக்கும். அதைக் கேட்க இதுவரை யாரும் வந்திருக்கமாட்டார்கள்.

போன இடத்தில் அடுத்த வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். "நல்லா செஞ்சீங்க, அப்புறம் வர்ற மாசம் கன்வென்ஷனுக்கும்..." என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. ஒரு சேகரத்தில் நான் படியேறினாலே, "ஐயா வாராங்க, என்ன வேலை தரப்போறாங்களோ" என்று ஒரு அண்ணாச்சி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். பிழை என்னுடையதுதான். நன்றிக்கு ஒரு நாள் போங்கள், வேலை கேட்க இன்னொரு நாள் போங்கள்.

டீ விஷயம். எந்த வீட்டில் ஐயர் டீ குடித்தார், எந்த வீட்டில் "இப்பதான் குடிச்சேன்" என்றார் என்பதை ஊர் எண்ணிக்கொண்டே இருக்கும். அதிலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை சபைத் தேர்தல் வருகிற சமயத்தில், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு அணி கண்டுபிடிக்கப்படும். அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஒரே நாளில் இரண்டு அணிக்காரர் வீடுகளுக்கும் போய்விடுங்கள், இரண்டு இடத்திலும் டீ குடித்துவிடுங்கள். வயிறு கொஞ்சம் கலங்கும். பரவாயில்லை.

ஏலத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதற்பலனாக வருகிற வாழைத்தார், முருங்கைக்காய், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் விடுகிறோம். எங்கள் சபையில் ஒரு பாட்டி மாதம் தவறாமல் 5 முட்டை கொண்டுவருவார். பழைய பவுடர் டப்பாவில் உமி போட்டு, அதற்குள் முட்டைகளைப் புதைத்து, இடுப்பில் இடுக்கியபடி ஒரு மைல் நடந்து வருவார். முட்டையை எடுத்த பிறகு உமியைக் கீழே சிந்தாமல் டப்பாவோடு திருப்பிக் கொண்டுபோவார், அடுத்த மாதத்துக்கு. அந்த முட்டையை யாராவது ஒரு பெரிய கை 300 ரூபாய்க்கு எடுக்கும். எல்லாரும் கை தட்டுவோம். எடுத்தவர் பெயர் கணக்கில் ஏறும். முட்டை கொடுத்தவர் பெயர் எங்கேயும் ஏறாது. கணக்குப்பிள்ளையைக் குறை சொல்லிப் பயன் இல்லை, ரசீது புத்தகத்தில் அதற்கு இடமே கிடையாது. அதனால் ஏலம் கேட்கிறவரிடம் சொல்லிவைத்தேன்: பொருளைத் தூக்கும்போதே, "இது இன்னார் வீட்டுக் கோழி இட்ட முட்டை" என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். முதல் வாரம் ஊர் சிரித்தது. மூன்றாம் வாரம், "எங்க வீட்டுக் கத்திரிக்காயையும் சொல்லுங்க" என்று வந்தார்கள்.

உங்களுக்கு முன்னால் இருந்த ஐயரை மறந்துவிடாதீர்கள். போன முதல் வாரமே இரண்டு மூன்று பேர் இருட்டின பிறகு வந்து, அவர் எதையெல்லாம் கெடுத்துவைத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். கேட்க இனிக்கும். எதிர்வாதம் வேண்டாம். "அவர் செய்ததில் எது இன்னும் நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்சம் யோசித்து, எப்படியும் ஒன்று சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். பின்னால் உங்கள் இடத்துக்கு வருபவரிடமும் இதே ஆட்கள் போய்ப் பேசப்போகிறார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கை. நன்றி மேலேயிருந்து கீழே விழுகிற காசு மாதிரி ஆகிவிடலாம். வெள்ளாளன்விளையில் ஒரு ஐயர் மகனாக 1874இல் பிறந்த அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் நின்று, நீங்கள் உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் தோர்ணக்கல்லின் பேராயர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர் வெள்ளைக்கார மிஷனரிகளிடம் கேட்டதை இன்றைக்கு நம் சபையார் நம்மிடம் கேட்கலாம். நான் கோயில்பிள்ளை வீட்டுக்கு நன்றி சொல்லப் போனதைவிட, அவரோடு பனங்கிழங்கு தின்றுகொண்டு மழை பற்றிப் பேசின சாயங்காலங்கள்தான் அவருக்குப் பிடித்தன. அவற்றை நோட்டில் எழுதியதில்லை.

தம்பி கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "ஐயா, எனக்கு அழைப்பு இருக்கான்னே சில நாள் சந்தேகமா இருக்கு." எனக்கும் அப்படித்தான் இருந்தது. தரிசனம், சத்தம் எதுவும் எனக்கு வரவில்லை. சின்ன வயதில் டைபாய்டு காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்குத் தருகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்துவிட்டார். அவ்வளவுதான் என் அழைப்பு. இறையியல் கல்லூரியில் மற்றவர்கள் கண்ணீரோடு சாட்சி சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாமேல் கோபம்கூட இருந்தது.

வேதாகமத்தில், ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலின் கதையில் ஒரு வசனம்தான் எனக்கு உதவியது. ராத்திரி கர்த்தர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், பயங்கரமான செய்தியைச் சொல்கிறார். பொழுது விடிகிறது. அவன் போய் ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான். அழைப்புக்கு முன்னாலும் அவனுக்கு அதுதான் வேலையாக இருந்திருக்கும். அந்த வசனத்துக்கு வந்தபோது எனக்கு மணிச் சத்தம்தான் ஞாபகம் வந்தது, அசனத்துக்கு மறுநாள் காலை 5 மணிக்கு அடித்த மணி. அழைப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் நொண்டிக்கொண்டு நடந்து போய்க் கதவு திறந்தவர்தான்.

அதனால் சந்தேகம் வருகிற நாளில் உள்ளே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் தம்பியிடம் சொன்னேன். நோட்டை எடுத்து டிக் போடாத கட்டம் ஒன்றைப் பார்த்து, பைக்கை எடுங்கள். திங்கட்கிழமை என்றால் இன்னும் நல்லது; ஞாயிறு முடிந்த அலுப்பில் நமக்கே நம்மேல் வெறுப்பாக இருக்கிற நாள் அது. போகிற வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒரு வேலையில் கை தானாகப் போகிறதா என்றும் பார்த்து வையுங்கள். கீபோர்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பெண்பிள்ளை, துக்க வீட்டில் பேசாமல் நாற்காலி போடுகிற பையன். அவர்களிடம், "உனக்கு இது வருது" என்று சொல்வதற்கு வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

மாற்றல் வந்ததும் நோட்டை என்ன செய்வது? அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். அதில் மனிதர்களின் சொந்த விஷயங்கள் இருக்கும். பதிவேடுகள், பாத்திரங்கள், சாவிகள் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைக்கும்போது, கூடவே ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும். நான் முதல் சேகரத்தை விட்டுப் போகும்போது எழுதிக் கொடுத்த தாளின் கார்பன் காப்பி இன்னும் இருக்கிறது. முதல் வரி இப்படி:

"ஆலயச் சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கும். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிப்பதற்கு முன்னால் போனால் கருப்பட்டிக் காப்பி தருவார்; வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்."