தானா ரீபூட் ஆகுற ராஸ்பெர்ரி பைல கெர்னல் ட்ரேஸைக் காப்பாத்தி வைக்கிறது எப்படி

தங்கச்சிமடத்துல ஒரு ஐஸ் கம்பெனி, டெம்பரேச்சர் பாக்க ராஸ்பெர்ரி பைன்ற குட்டி கம்ப்யூட்டரை மாட்டியிருக்கீங்கன்னு வைங்க, ராத்திரில அது தானா ரீபூட் ஆகுது. காலையில யாரைக் கேட்டாலும் கரண்ட்டு மேலதான் பழியப் போடுவாங்க. வாடைக்காத்து அடிச்சா நம்ம பக்கம் கரண்ட் போறது வழக்கம்தான், ஆனா கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) பேனிக் ஆகி, அதாவது மீள முடியாத தப்புல நின்னு போனாலும் வெளிய பாக்க இதே மாதிரிதான் இருக்கும், அதான் தலைவலி.

கரண்ட் போகாம ரீசெட் ஆனா ராம்ல இருந்தது பெரும்பாலும் அழியாது, அதுல ஒரு ஓரத்த ஒதுக்கி கெர்னல் கடைசி லாகை எழுதிட்டா அடுத்த பூட்ல எடுத்துக்கலாம். இதுதான் ராமூப்ஸ். எஸ்டி கார்டுல எழுதலாமேன்னு கேப்பீங்க, பேனிக் ஆகிக் கிடக்குற கெர்னல ஃபைல்சிஸ்டத்த தொட விட்டா இருக்குறதும் போயிரும்.

பையோட பூட் செட்டிங் ஃபைலான கான்ஃபிக்.டிஎக்ஸ்டில டிடிஓவர்லே=ராமூப்ஸ் போடுங்க. கன்சோல் லாகுக்கு (கெர்னல் வெளிய சொல்ற மெசேஜ்) இடம் ஒதுக்குற கன்சோல்-சைஸ் டீஃபால்ட்டா பூஜ்யம், மொத்தமே 64 கேபிதான், அதனால கன்சோலுக்கு 256 கேபி, மொத்தம் 1 எம்பின்னு ஏத்திக்கங்க. அப்புறம் கெர்னலுக்கு பூட் ஆப்ஷன் குடுக்குற சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டில பேனிக்=10 சேருங்க, பேனிக் ஆனா 10 செகண்டுல ரீபூட் ஆகும் (அந்த ஃபைல் முழுக்க ஒரே லைன்தான் இருக்கணும், என்டர் தட்டிறாதீங்க), சிஸ்கன்ட்ரோல்ல பேனிக்_ஆன்_ஊப்ஸ் 1, அப்பதான் ஊப்ஸ்ன்ற கெர்னல் தப்பு வந்தாலே பேனிக் ஆகும்.

இப்ப ட்ரேஸ், அதாவது விழுறதுக்கு முன்னாடி கெர்னல் என்னென்ன பண்ணுச்சுன்ற பதிவு. சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டில அதே லைன்ல ட்ரேஸ்_ஈவன்ட்=ஷெட்_ஸ்விட்ச் (கோர்ல ஓடுற வேலை மாறுறதப் பதியும்), கூடவே எஃப்ட்ரேஸ்_டம்ப்_ஆன்_ஊப்ஸ்=ஆரிஜ்_சிபியு. பேனிக் ஆனதும் எந்த கோர்ல விழுந்துச்சோ அந்த கோரோட ட்ரேஸ் மட்டும் கன்சோலுக்கு வரும், அங்கருந்து ராமூப்ஸ்க்கு போயிரும். ஆனா பஃபர் கோர் ஒண்ணுக்கு சுமார் 1.4 எம்பி, அத டெக்ஸ்ட்டா கொட்டுனா இன்னும் பெருசாகும், 256 கேபிக்குள்ள எங்க அடங்கும். அதுபோக சீரியல் கன்சோல் 115200ல ஓடிக்கிட்டிருந்தா கொட்டி முடிக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், பையோட வாட்ச்டாக் (சிஸ்டம் உறைஞ்சா ரீசெட் பண்ற டைமர்) அதிகபட்சம் 15 செகண்டுதான், அத ஆன் பண்ணி வச்சிருந்தா பாதியிலயே ரீசெட் அடிச்சிரும். அதனால ட்ரேஸ்_பஃப்_சைஸ்=16கே போதும்.

டெஸ்ட் பண்ணாம விட்றாதீங்க. சிங்க் அடிச்சிட்டு, ரூட்டா /ப்ராக்/சிஸ்ஆர்க்யு-ட்ரிகர் ஃபைலுக்கு சி எழுத்த எக்கோ பண்ணுங்க, உடனே பேனிக் ஆகும். பூட் ஆனப்புறம், காப்பாத்துன லாக் வர்ற /சிஸ்/எஃப்எஸ்/பிஸ்டோர் காலியா இருந்தா பயப்படாதீங்க, சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஓட்டுற ப்ரோக்ராம்) எல்லாத்தையும் /வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோருக்கு நகத்தியிருக்கும்.

முக்கியமா கன்சோல்-ராமூப்ஸ் ஃபைல பாருங்க. பேனிக், ஹேங் ஆகி வாட்ச்டாக் அடிச்சது, சாதா ரீபூட், எதுவா இருந்தாலும் அது புதுசா வந்திருக்கும். டெஸ்ட்ல வந்த ஃபைல் நிஜத்துல வரலன்னா மட்டும் கரண்ட்ட திட்டுங்க, இன்வெர்ட்டர் பாருங்க.

பைக்கு பதிலா பிசி வச்சிருந்து கெர்னலும் 6.12 இல்ல அதுக்கு மேலன்னா ரிசர்வ்_மெம், ட்ரேஸ்_இன்ஸ்டன்ஸ் ரெண்டையும் பூட் லைன்ல குடுத்து ட்ரேஸ் பஃபரையே ராம்ல நிறுத்திக்கலாம், டம்ப்பே வேணாம். கூட நோகேஏஎஸ்எல்ஆர் போடுங்க, இல்லன்னா ஒவ்வொரு பூட்லயும் கெர்னல் இடம் மாறி உக்காரும். போட்டாலும் அதே ராம் இடம் திரும்ப கிடைக்கும்னு கேரண்டி கிடையாது.