510510: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்ப்போமா?

சிங்கப்பூரில் 1995-லிருந்து அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு இலக்கம். பாசிர் ரிஸ் பக்கம் 51 என்று தொடங்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடென்றால் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். அதே அமைப்பில் 510510 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். தாளும் பென்சிலும் போதும். கால்குலேட்டர் வேண்டாம், அது விடையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

முதல் படி எளிது. கடைசி இலக்கம் 0, ஆகவே 2, 5 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 5+1+0+5+1+0 = 12. அது 3-ஆல் வகுபடுவதால் முழு எண்ணும் 3-ஆல் வகுபடும்.

இரண்டாம் படியில் கொஞ்சம் நிதானியுங்கள். எண்ணை நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் 510. அதாவது 510 ஆயிரங்கள், அதோடு இன்னொரு 510. ஆக, 510 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. அப்படியென்றால் எந்த மூன்றிலக்க எண்ணை இருமுறை சேர்த்தெழுதினாலும் 7, 11, 13 மூன்றும் உள்ளே இருக்கும்! 347347-ஐ 7-ஆல் வகுங்கள்: 49621. அதை 11-ஆல்: 4511. அதை 13-ஆல் வகுத்தால் மறுபடி 347. நீங்களே ஓர் எண் போட்டுப் பாருங்கள், கைப்படச் செய்தால்தான் மனத்தில் நிற்கும்.

அப்புறம் 510. அது 10 × 51, அதாவது 2 × 5 × 3 × 17. எல்லாவற்றையும் வரிசைப்படுத்துங்கள்:

510510 = 2 × 3 × 5 × 7 × 11 × 13 × 17

முதல் ஏழு பகா எண்களும் ஒன்றுகூட விடுபடாமல் வந்துவிட்டன. ஏழு வெவ்வேறு பகாக்காரணிகள் உள்ள எண்களிலேயே சிறியது இதுதான்.

மூன்றாம் படி, வகுத்திகளை எண்ணுவது. ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். ஏழுக்கும் இவ்விரண்டு வழிகள். ஏழு தடவை 2-ஐப் பெருக்கினால் 128 வகுத்திகள்.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் படி. அதே ஏழு எண்களை வேறு மாதிரி கூட்டு சேருங்கள். 2 × 3 × 7 × 17 = 714. மிச்சமுள்ள 5 × 11 × 13 = 715. அடுத்தடுத்த எண்கள்! இன்னும் பாருங்கள்: 2+3+7+17 = 29, 5+11+13-உம் 29. இன்னொரு விதமாகச் சேர்த்தால் 13 × 21 × 34 × 55. முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் நான்கு எண்கள் இவை.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் குறியீடு. 0-வில் தொடங்கினால் அந்த 0-வை மட்டும் விட்டுவிடுங்கள். 2-இலிருந்து பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்து வாருங்கள். 1000-க்குள் எதுவுமே வகுக்கவில்லை என்றால், உங்கள் வீட்டு எண்ணே ஒரு பகா எண்.