பிள்ளைக்கு ஜூடோ டிரஸ்: காசு எங்கே வீணாகிறது

ஜூன் மாதம் பள்ளி யூனிபார்ம் எடுக்கும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் கூடவே எடு." கை விரல்வரை மூடும், பேன்ட் தரையைக் கூட்டும், ஆனாலும் இரண்டு வருஷம் ஓடிவிடும். என் மகளுக்கு முதல் ஜூடோ டிரஸ் வாங்கியபோது நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன். அவள் உயரம் 122 செ.மீ. நான் வாங்கியது 150 செ.மீ. உயரத்துக்கான அளவு. முதல் வகுப்பில் ஜோடி சேர்ந்த பையன் அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான். சட்டைக்கை போனது, கை உள்ளேயே நின்றது. மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், இது பாப்பாவுக்கா, உங்களுக்கா?" என்றார்.

அந்த டிரஸ் இன்னும் பீரோவில் மடித்தபடி இருக்கிறது. அவள் 150-க்கு வளர்வதற்குள் துணி மஞ்சள் பூத்துவிடும் போலிருக்கிறது.

ஜூடோவில் எதிராளி பிடிப்பது சட்டையை. கழுத்துப்பட்டையில் ஒரு கை, முழங்கை அருகே சட்டைக்கையில் இன்னொரு கை. ஆட்டம் பெரும்பாலும் அந்த இரண்டு பிடியில்தான் நடக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கிய காலத்தில் சட்டைக்கை முழங்கையோடும் பேன்ட் முழங்காலுக்கு மேலேயும் நின்றுவிட்டன. முட்டியும் முழங்கையும் சிராய்ந்துகொண்டே இருந்ததால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டையும் நீளமாக்கினார்கள். ஆக, இந்த உடையின் அளவு ஆட்டத்தோடு சேர்ந்தே உருவானது. பள்ளி யூனிபார்ம் கணக்கு இங்கே செல்லாததற்கு அதுதான் காரணம்.

சரி, முதல் தவறு அளவுக்கும் முந்தியது. சேர்ந்த அன்றே வாங்கிவிடுவது. ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் விழக் கற்றுக்கொடுப்பார்கள். பின்பக்கம் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருள்வது, கையால் தரை மெத்தையில் ஓங்கி அடிப்பது. இதற்கு உகெமி என்று பெயர். யாரும் யார் சட்டையையும் பிடிக்கப்போவதில்லை. டி ஷர்ட், ட்ராக் பேன்ட் போதுமா என்று மாஸ்டரைக் கேளுங்கள்; பல இடங்களில் சரி என்பார்கள். பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதும் அந்த வாரங்களில் தெரிந்துவிடும். நான்காவது நாள் வகுப்பிலேயே "நான் நீச்சலுக்குப் போறேன்" என்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அப்பாக்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணனின் கராத்தே டிரஸ்

நம் ஊரில் கராத்தே வகுப்பு இல்லாத தெரு குறைவு. அதனால் வீட்டில் யாராவது போட்டுக் கழித்த வெள்ளை டிரஸ் ஒன்று இருக்கும். "எல்லாம் ஒரே வெள்ளைதானே" என்று அதையே கொடுத்தனுப்புவது ரொம்ப சகஜம். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், துணிதான் வேறு. கராத்தேயில் கையும் காலும் வேகமாகப் போய்வர வேண்டும், அதனால் மெல்லிய சாதா நெசவு. பிள்ளைகளுக்கானது பெரும்பாலும் 250 ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) ஒட்டி இருக்கும். ஜூடோவில் இரண்டு பேர் தங்கள் முழு எடையையும் அந்தத் துணியில் தொங்கவிடுவார்கள். முதலில் அக்குள் தையல் போகும், அப்புறம் தோள்பட்டை. கிழியும்போது பிள்ளை எதிர்பாராத பக்கம் விழும் என்பது துணி போவதைவிடப் பெரிய கவலை.

டேக்வாண்டோ டிரஸ் இன்னும் மோசம். தலை வழியாக மாட்டும் அந்தச் சட்டையில் பிடிக்கக் கழுத்துப்பட்டையே கிடையாது. இணையக் கடைகளில் "ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ மூன்றுக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தால் ஜூடோவுக்கு ஏற்றது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூடோ சட்டையை எப்படி அடையாளம் காண்பது? மார்பும் முதுகும் கையும் அரிசியைப் பரப்பி வைத்தது போலப் புடைத்த நெசவில் இருக்கும். இடுப்புக்குக் கீழே வரும் பகுதி மெல்லியதாக, பெரும்பாலும் வைர வடிவக் கட்டங்களோடு. கழுத்துப்பட்டை தடித்து, நீள வாக்கில் பல வரிசைத் தையல் ஓடியிருக்கும். அக்குளில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் நல்லது. பேன்ட்டில் முட்டிக்கு இரட்டைத் துணி இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுப் பாருங்கள். குறைந்த விலையில் எடுப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இந்த மூன்றை விடக் கூடாது: கழுத்துப்பட்டை, அக்குள், முட்டி.

சுருங்கும் கணக்கு

இப்போது அளவுக்கு வருவோம். ஜூடோ டிரஸ் அளவு பெரும்பாலும் உயரத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும்: 110, 120, 130 என்று பத்துப் பத்தாக. சில தயாரிப்புகளில் 000, 00, 0 என்று பூஜ்ஜியமாக அடுக்கியிருப்பார்கள். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பி எடுக்காதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு என்று கேளுங்கள்.

அடுத்து, துணி ஏற்கெனவே சுருக்கப்பட்டதா, இல்லையா. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சுருக்கப்படாத பருத்தி முதல் சில சலவைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். திருப்பூர், கரூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 130 அளவு டிரஸ் 123-க்கு வந்து நிற்கும். 122 செ.மீ. பிள்ளைக்கு அன்றைக்கு மட்டும் சரியாக இருக்கும், அரையாண்டுத் தேர்வுக்குள் மணிக்கட்டு வெளியே தெரியும். ஆகவே சுருக்கப்படாத துணி என்றால் 140. அது சுருங்கி 133 ஆகும். முன்பே சுருக்கிய துணி என்றால் 130 போதும். ஆறு முதல் பத்து வயதில் பிள்ளைகள் வருஷத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்கிறார்கள், எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை வருஷம் ஓடும். இரண்டு சைஸ் கூட எடுத்து நான் மிச்சம் பிடிக்க நினைத்ததும் அவ்வளவுதான்.

கொஞ்சம் நீளமாக இருந்தால் மடித்துச் சுருட்டிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. வெளிப்பக்கம் சுருட்டிய கையில் எதிராளியின் விரல் மாட்டும். பேன்ட் மடிப்பில் காலின் கட்டைவிரல் மாட்டும், அது பெரும்பாலும் உங்கள் பிள்ளையுடைய விரலாகவே இருக்கும். உள்பக்கமாக மடித்து டெய்லரிடம் ஒரு தையல் போடச் சொல்லுங்கள். வளர்ந்ததும் பிரித்துவிடலாம். துணியை வெட்ட வேண்டாம், தைப்பதும் துவைத்துச் சுருங்கிய பிறகுதான். நான் அவசரப்பட்டு முதலிலேயே தைத்து, பிறகு பிரித்து, மறுபடி தைத்தேன்.

போட்டுப் பார்க்கும்போது பிள்ளையைச் சும்மா நிற்க வைத்துப் பார்த்துப் பயனில்லை. இரண்டு கையையும் முன்னால் நேராக நீட்டச் சொல்லுங்கள். சட்டைக்கை மணிக்கட்டுவரை வர வேண்டும். குந்தி உட்காரச் சொல்லுங்கள், காலை அகட்டச் சொல்லுங்கள். பேன்ட் கவட்டில் பிடிக்கக் கூடாது. பேன்ட்டின் நீளம் கணுக்கால்வரை, அல்லது அதிலிருந்து 5 செ.மீ. மேலே. இடது பக்கத்தை வலதின் மேல் போட்டு பெல்ட் கட்டிய பிறகு மார்பு திறந்துகொள்ளாத அளவுக்கு இரண்டு பக்கமும் நன்றாக ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். சட்டைக்கைக்கும் கைக்கும் நடுவே தாராளமாக இடைவெளி வேண்டும். பெரியவர்களின் சர்வதேசப் போட்டிகளில் அதை 10 முதல் 15 செ.மீ. என்று அளந்தே பார்க்கிறார்கள். கை ஒட்டினாற்போல இருந்தால் எதிராளியால் பிடிக்க முடியாது. அது விதிமீறல் ஆகிவிடும்.

தடித்த துணி என்ற ஆசை

மெல்லியது கிழியும் என்று தெரிந்ததும் சிலர் நேர் எதிர்க்கோடிக்குப் போய் இரட்டை நெசவு வாங்குவார்கள். சர்வதேசப் போட்டிகளுக்கான சட்டைத் துணியின் உச்சவரம்பு 750 ஜிஎஸ்எம். அதை ஒட்டிய துணியை எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டால் அட்டைப்பெட்டிக்குள் நிற்பது போல நிற்கும். வியர்வையில் நனைந்தால் கனம் வேறு. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காய மூன்று நாள் எடுக்கும், வாரத்துக்கு மூன்று வகுப்பு இருக்கும். ஒற்றை நெசவில் 350 முதல் 450 ஜிஎஸ்எம் வரை ஆரம்பப் பிள்ளைகளுக்குத் தாராளம். வெளுக்காத கோரா நிறத்தில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும். வெளுப்பு மருந்தில் முக்கி எடுக்காததால் நூலும் வலுவாக இருக்கும்.

சர்வதேச ஜூடோ கூட்டமைப்பின் அங்கீகார முத்திரை உள்ள டிரஸ் பல மடங்கு விலை. அது அந்தக் கூட்டமைப்பு நடத்தும் போட்டிகளுக்கானது. மஞ்சள் பெல்ட்டுக்குத் தயாராகிற பிள்ளைக்கு அது தேவைப்படாது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது எதைப் போட வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டால் போதும்.

நீல டிரஸும் அப்படித்தான். பிள்ளைகள் நீலம்தான் கேட்பார்கள். ஜூடோவில் வெள்ளை மட்டுமே இருந்த காலத்தில், பார்ப்பவர்களுக்கு யார் யாரென்று தெரிய ஒருவர் நீலம் போடட்டும் என்று 1986-இல் யோசனை சொன்னவர் ஆன்டன் கீசிங்க். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியரை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்துத் தங்கம் வாங்கிய டச்சுக்காரர் சொன்னால் ஜப்பானில் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1997-இல்தான் ஏற்றார்கள். போட்டிகளுக்குப் போகத் தொடங்கியதும் நீலம் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை அது சாயம் விட்டு வெள்ளையையும் கெடுக்கும்.

வெள்ளை பெல்ட் பெரும்பாலும் டிரஸ்ஸோடு வரும். தனியாக வாங்குவதானால் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்ட பிறகு இரு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் தொங்கினால் போதும். பெண்பிள்ளைகளுக்கு உள்ளே போட வட்டக் கழுத்து வெள்ளை டி ஷர்ட் வேண்டும். முதுகில் பெரிதாகப் பெயர் எம்ப்ராய்டரி செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அப்புறம் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

கொடுப்பது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எல்லாவற்றிலும் மலிவு, வகுப்பில் மூத்த பிள்ளைகளுக்குச் சிறியதாகிப் போன டிரஸ். நான் அதை முதலில் கௌரவக் குறைச்சலாக நினைத்தேன். உண்மையில் அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, கஞ்சி விறைப்பு போய், போட்டதும் உடம்போடு வரும் துணி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், முட்டியிலும் தோளிலும் நூல் இளைத்திருந்தால் மட்டும் வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் சென்னை பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகள் இருக்கின்றன. நேரில் போனால் பாக்கெட்டைப் பிரித்துத் தடவிப் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு கெடுப்பது வெந்நீரும் ப்ளீச்சிங் பவுடரும். வெந்நீர் இன்னும் சுருக்கும், ப்ளீச்சிங் நூலை அரிக்கும். பச்சைத் தண்ணீர், சாதா சோப்புத் தூள், வேண்டுமானால் கடைசி அலசலில் சொட்டு நீலம். கலர் பெல்ட்டைக் கூடப் போடாதீர்கள். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவைத்தே ஆக வேண்டும். வியர்வையோடு பையில் சுருட்டி வைத்த டிரஸ்ஸாலும் படர்தாமரை ஒரு பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவலாம்.

மகள் இப்போது போடுவது வகுப்பில் மூத்த பையன் ஒருவனுடைய பழைய 130. கழுத்துப்பட்டையின் உள்பக்கம் அவன் பெயர் மார்க்கர் பேனாவில் இருக்கிறது. அதற்கு மேலே, பாதி அழிந்து, இன்னொரு பெயர். மூன்றாவதாக இவள் தன் பெயரை எழுதியிருக்கிறாள், கொஞ்சம் பெரிதாகவே.