கோட் எழுதி ஒரு உடுக்குச் சத்தம் செய்வது எப்படி

கீபோர்டும் இல்லை, ஸ்டூடியோவும் இல்லை, ஒரு பழைய லப்டொப் மட்டும் இருக்கிறதா? போதும், எழுத்தடித்தே இசை அமைக்கலாம். அதற்கான மென்பொருள்களைத் தேடினால் சீசவுண்ட், சுப்பர்கொலைடர், சக், ஸ்ட்ரூடல் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒன்றையும் திறக்காமல் இருந்தவன் நான், அதனால் சொல்கிறேன், சொனிக் பை (Sonic Pi) என்ற மென்பொருளில் தொடங்குங்கள். இலவசம். ஒருமுறை இறக்கினால் பிறகு டேட்டா தேவையில்லை, பாடமும் உள்ளேயே இருக்கிறது. ஸ்ட்ரூடல் பிரவுசரிலேயே ஓடும்தான், ஆனால் சிக்னலுக்காக வேலி ஓரம் போய் நிற்கிற எங்களுக்கு அது சரிவராது. சொனிக் பையைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்தவர் சாம் ஆரன். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், உள்ளே சத்தத்தை உண்டாக்குவது 1996இல் ஜேம்ஸ் மக்கார்ட்னி வெளியிட்ட அதே சுப்பர்கொலைடரின் எஞ்சின்.

கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். முதலில் இது:

பிளே 60

ரன் பொத்தானை அழுத்தினால் ஒரு சுரம் கேட்கும். 61 அதற்கு அடுத்த அரைச்சுரம், 72 என்றால் மேல் ஸ்தாயி. 60.5 என்றும் போடலாம், வாங்கிக்கொள்ளும். அரைச்சுரங்களுக்கு இடையிலும் சுரம் கேட்டுப் பழகிய எங்கள் காதுக்கு இது பெரிய விசயம்.

சரி, உடுக்குக்கு வருவோம். அம்மன் கோயிலில் பார்த்திருப்பீர்கள், அடித்தவுடன் நடுக்கயிற்றை இறுக்க சத்தம் மேலே வளைந்து போகும். அந்த வளைவைத்தான் எழுதப் போகிறோம்:

எஸ் = பிளே 57, ரிலீஸ்: 0.4, நோட்_ஸ்லைட்: 0.15
கண்ட்ரோல் எஸ், நோட்: 64
ஸின்த் :நொய்ஸ், ரிலீஸ்: 0.04, ஆம்ப்: 0.3

முதல் வரி அடி, ரிலீஸ் என்பது அது அடங்க எடுக்கும் நேரம். இரண்டாவது வரி அந்தச் சுரத்தை 57இலிருந்து 64க்கு இழுக்கிறது, 0.15 என்பது இழுக்க எடுக்கும் நேரம். மூன்றாவது, விரல் தோலில் படும் ‘டப்’, ஆம்ப் என்பது அதன் சத்த அளவு. முக்காற்புள்ளி எங்கே முன்னால் வருகிறது, எங்கே பின்னால் வருகிறது என்று கவனியுங்கள், எனக்குப் பாதிப் பிழை அதில்தான் வந்தது.

இனித் தாளம். மேலே ‘லைவ்_லூப் :உடுக்கு டூ’, கடைசியில் ‘எண்ட்’, இடையில் இருப்பது திரும்பத் திரும்ப ஓடும், அதுதான் லூப். நடுவில் அந்த மூன்று வரிகளையும் மூன்று தரம் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் பிறகு முறையே சிலீப் 0.75, சிலீப் 0.5, சிலீப் 0.5 போடுங்கள், சிலீப் என்றால் அடுத்த வரிக்குப் போகமுன் அவ்வளவு நேரம் காத்திருப்பது. தகிட தக திமி, மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு எண்ணிக்கை வரும் மிச்ர சாப்பு தாளம் வந்துவிட்டது. சிலீப்பே இல்லாத லூப் ஓடாது, பிழை காட்டி நின்றுவிடும். சுருதிக்கு வேறொரு லூப் எழுதுங்கள், அதில் 48, 55 இரண்டுக்கும் அட்டாக் (எழும் நேரம்) 1, சஸ்டெயின் (நிற்கும் நேரம்) 3, ரிலீஸ் 1 கொடுத்து, கடைசியில் சிலீப் 4. ஒன்று அடங்கும்போது அடுத்தது எழும், இடைவெளி தெரியாது. 36க்கெல்லாம் இறங்கினால் லப்டொப் ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது, ஹெட்போன் வேண்டும்.

பக்கத்து வளவில் உடுக்கு அடிக்கிற பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “தோல் இன்னும் காயேல்லையடா மோனை” என்றார், சத்தம் மந்தமாக இருக்கிறதாம். பாட்டை நிறுத்தாமலே 57ஐ 62 ஆக்கி, 64ஐ 69 ஆக்கி, ரிலீஸை 0.2க்குக் குறைத்து மறுபடி ரன் அழுத்தினேன். லூப் அடுத்த சுற்றில் புதிய எண்களோடு வந்தது. தலையை ஆட்டினார், ஆனால் இழுப்பு எல்லா அடிக்கும் ஒரே மாதிரி இருக்கிறதாம். அதற்கு 64 இருந்த இடத்தில் ‘ஆர்ராண்ட்(66, 70)’ (rrand) போட்டுப் பாருங்கள், 66க்கும் 70க்கும் இடையில் ஏதோ ஒரு எண்ணை அதுவே எடுக்கும், ஒவ்வொரு அடியும் வேறு உயரத்துக்குப் போகும்.