உண்டியலில் வார்த்திருக்கும் ஆண்டை நம்பாதீர்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில், குரோம்வெல் ஊரிலிருந்த ஜே அண்ட் இ ஸ்டீவன்ஸ் கம்பெனி வார்த்தது டாமனி உண்டியல். காசு போட்டால் அசையும் பழைய வார்ப்பிரும்புப் பொம்மை உண்டியல்களில் அதுவும் ஒன்று. பருத்த அரசியல்வாதி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கையில் காசை வைத்தால், அதன் கனத்திலேயே கை நகர்ந்து காசு அவர் சட்டைப்பைக்குள் விழும், தலையும் ஆடும். இதற்குக் காப்புரிமை கிடைத்தது 1873-இல். அந்த ஆண்டு இரும்பிலேயே இருக்கிறது என்று நம்பிப் பணத்தை எடுத்து நீட்டுவதுதான் பழைய உண்டியல் வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு. காப்புரிமை ஆண்டு வேறு, வார்த்த ஆண்டு வேறு. அசலையே அச்சாக மணலில் பதித்துப் போலி வார்த்தால் எழுத்தும் ஆண்டும் அப்படியே வந்துவிடும்.

வராதது அளவு. உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அசலின் அடித்தளம் 200 மில்லிமீட்டர் என்றால் போலியினுடையது சுமார் 198-தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த 2 மில்லிமீட்டரைக் காட்டிக்கொடுப்பது காகிதம். அசலின் அடித்தள வரைபடத்தின் மேல் உண்டியலை நிறுத்திப் பாருங்கள். சுற்றிலும் கோடு வெளியே தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு உள்பக்கம். பழைய வார்ப்பு நுண்மணலில் செய்தது. தடவினால் வழுவழுப்பாக இருக்கும், இரு பாதிகளும் இடைவெளி தெரியாமல் பொருந்தும். சொரசொரப்பு, அரம் ஓட்டிய பளபளப்பு, செம்மஞ்சள் நிறப் புதுத்துரு எல்லாமே கெட்ட அறிகுறிகள். கூட்டல்குறித் தலைத் திருகு 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அது இருந்தால், பொருள் புதிது அல்லது யாரோ பிரித்துப் பூட்டியது. பழைய உண்டியல்களைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்த 'புக் ஆஃப் நாலெட்ஜ்' மறுவார்ப்புகள் நேர்மையானவை, மறுவார்ப்பு என்பதை அடியில் உள்ள வரியே சொல்லிவிடும். அந்த வரியைத் தேய்த்து எடுத்து அசலாக விற்பவர்கள் உண்டு. அடித்தளத்தில் காரணமில்லாமல் ஓரிடம் மட்டும் மழமழவென்று இருந்தால் கேளுங்கள்.

பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதே என்று புதிதாக அடிப்பதைவிடப் பெரிய நஷ்டம் இந்தத் துறையில் இல்லை. விலையில் பாதிக்குமேல் அசல் வண்ணத்துக்குத்தான் என்றே சொல்லலாம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஷெப்பர்ட் ஹார்டுவேர் கம்பெனி வெள்ளை அடிப்பூச்சின் மேல் வண்ணம் தீட்டியதால் அவர்களுடைய பொம்மைகள் எளிதில் செதில் செதிலாக உரியும். அது அவற்றின் இயல்பு. சோப்புத் தண்ணீர், எண்ணெய், உப்புத்தாள் மூன்றும் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். வாங்குமுன் இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பின்னால் தொட்டுத் தீட்டிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

கடைசியாக, நெம்புகோல் வைத்த உண்டியல்களில் விற்பவர் எதிரிலேயே அதை வேகமாக அழுத்திப் பார்க்கிறவர்களுக்கு: வார்ப்பிரும்பு வளையாது, ஒடியும். ஸ்பிரிங் இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒடிந்த கையைப் பித்தளையால் ஒட்டியிருந்தால், உள்பக்கம் டார்ச் அடித்தாலே மஞ்சள் கோடு தெரியும்.